முதியோர் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கார் பார்க்கிங் வேண்டுமா? அப்பா வீட்டு விஷயமாக ஒரு கேள்வி

கேள்வி: வடவள்ளி_மகன்

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் தொண்டாமுத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் அப்பாவும் அம்மாவும் ஆறு வருடமாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு 77, அம்மாவுக்கு 71. சாப்பாடு பொதுச் சமையலறையிலிருந்து வந்துவிடும், ராத்திரியில் கூப்பிட்டால் வர நர்ஸ் உண்டு, பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு. பிடித்துப்போய்த்தான் வாங்கினோம். எனக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒரு தடவை போய் வருவேன்.

இப்போது பிரச்சினை பார்க்கிங்கில் வந்து நிற்கிறது. மொத்தம் 72 வீடு, கார் நிறுத்த 48 இடம். பாதி ஸ்டில்ட்டில், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே, மீதி காம்பவுண்டு ஓரமாகத் திறந்த வெளியில். பக்கத்திலேயே இரண்டாம் கட்டமாக இன்னும் 60 வீடு கட்டப்போகிறார்கள். அதற்கு 20 கார் இடம் போதும் என்கிறார் பில்டர். அதோடு, எங்கள் பக்கத்தில் திறந்த வெளியில் இருக்கும் இடங்களில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தைப் பெரிதாக்கப் போவதாகவும் சொல்கிறார். காரணம் கேட்டால் "வயசானவங்க யாரு சார் கார் ஓட்டறாங்க, பாதி இடம் காலியாத்தானே கிடக்குது" என்று பதில் வருகிறது. காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் அவர் சொல்வது சரியென்றே தோன்றும். ஆனால் போன பொங்கலுக்கு நான் போனபோது உள்ளே இடமே இல்லை, மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அசோசியேஷன் இப்போது ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. கார் இருக்கிறதா, ஓட்டுகிறீர்களா, ஓட்டவில்லை என்றால் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று மூன்றே கேள்வி. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டார். நிரப்பவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை.

அப்பாவின் கார் 2011-இல் வாங்கிய ஐ10. ஒரு வருடமாக அவர் அதை கேட்டுக்கு வெளியே எடுப்பதில்லை. லாலி ரோடு சிக்னல் பக்கம் ஒரு ஸ்கூட்டர்காரர் மேல் இடிக்க இருந்து மயிரிழையில் தப்பித்தது. அன்றைக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவர், யாரும் சொல்லாமலே நிறுத்திக்கொண்டார். ஆனால் தினமும் காலை ஆறரைக்குக் கீழே இறங்கிப்போய் கவரை எடுத்து மடித்து, மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி கவரைப் போட்டு, நான்கு மூலையிலும் கயிறு கட்டிவிட்டு மேலே வருகிறார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வெளியே போகவேண்டும் என்றால் டாக்ஸி கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் ஆக்டிங் டிரைவர்.

என் கேள்விகள் இரண்டு. ஒன்று, முதியோர் குடியிருப்புக்கு எத்தனை கார் இடம் நியாயம்? வீட்டுக்கு ஒன்று கேட்பது பேராசையா? 60-க்கு 20 சரியா? இரண்டாவது, அப்பாவிடம் அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? காருக்கு 15 வருடம் முடியப்போகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸும் இந்த டிசம்பரில் முடிகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. இப்படி இடத்தில் இருப்பவர்கள், பெற்றோர் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வு_பொறியாளர்

முப்பது வருடம் கட்டட வரைபடத்தோடு வாழ்ந்தவன், இப்போது நானே இதுபோன்ற இடத்தில் குடியிருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். 60-க்கு 20 சரியா, 30 சரியா என்று இங்கே யாரைக் கேட்டாலும் வாய்க்கு வந்த எண்ணைத்தான் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒரு வாரம் போதும், செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் போதும்.

சாதாரண அபார்ட்மென்ட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு எண்ணினால் கணக்கு முடிந்தது, எல்லாக் காரும் வீடு வந்து சேர்ந்திருக்கும். முதியோர் குடியிருப்பில் அந்த எண்ணிக்கை பாதிக் கதைதான். ராத்திரியில் நிற்பது அங்கே குடியிருப்பவர்களின் கார் மட்டும். காலை எட்டு மணிக்கு எண்ணுங்கள். அப்போதுதான் ராத்திரி ஷிப்ட் அட்டெண்டர் கிளம்புவார், பகல் ஷிப்ட் ஆள் வந்து சேர்வார். ஒரு கால் மணி நேரம் இரண்டு பேரின் வண்டியும் உள்ளேதான் இருக்கும். சமையல் ஆட்கள், வேலைக்கார அம்மாக்கள், பிசியோ, ரத்தம் எடுக்க வரும் லேப் பையன் எல்லாரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். அப்புறம் ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு தடவை எண்ணுங்கள், அது மகன் மகள் பேரன் வரும் நேரம். எங்கள் இடத்தில் வாரத்திலேயே அதிக வண்டி நிற்பது அப்போதுதான். பில்டர் பார்ப்பது செவ்வாய்க்கிழமை 11 மணி, நீங்கள் பார்த்தது பொங்கல். இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கணக்குப் போட்டு இடம் ஒதுக்கினால் வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் வெயிலில் சிமென்ட் தரை காயும். அந்த நான்கைந்து நாளுக்குப் பக்கத்துக் காலி மனைக்காரரிடம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கார் என்று மட்டும் எண்ணாதீர்கள். நம் ஊரில் எழுபது தாண்டியும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய்க் காய்கறி வாங்கி வருகிறவர் உண்டு. அவருக்கு சரிவில்லாத தரை வேண்டும், ஸ்டாண்டு போடும்போது வண்டி சாயக்கூடாது. பேட்டரி வீல்சேர் வைத்திருப்பவருக்கு ஸ்டில்ட்டிலேயே ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமே விட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் அகலம். நம் வழக்கத்தில் ஒரு கார் இடம் என்றால் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு கார் 1.73 மீட்டர் அகலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சுவது முக்கால் மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் அடி, அதிலும் தூண் வந்தால் போச்சு. முட்டி மாற்று ஆபரேஷன் செய்த ஒருவர் அதில் கதவை முழுக்கத் திறந்து, காலை வெளியே நீட்டி, வாக்கரைப் பிடித்து எழுந்திருக்க முடியுமா? மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்வது 3.6 மீட்டர் அகலம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். மூன்று சாதாரண இடத்தைச் சேர்த்துக் கோடு மாற்றிப் போட்டால் இந்த அளவில் இரண்டு கிடைக்கும். எண்ணிக்கைக்காகச் சண்டை போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பதில் 2: சாயிபாபா_காலனி_72

தம்பி, என் பெயரில் இருக்கும் எண் என் வயது. நான் இன்னும் கார் ஓட்டுகிறேன், அதனால் "வயசானவங்க யாரு ஓட்டறாங்க" என்று அவர் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இருந்தவரை நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அவருக்கு வாதம் வந்து கை விழுந்தபோது எனக்கு 58. டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவரை எட்டு வருடம் ஆஸ்பத்திரிக்கும் தெரபிக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தது அந்த வேகன்ஆர்தான். இப்போது உழவர் சந்தை, கோயில், அக்கா வீடு, அவ்வளவுதான் போகிறேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்பதால் ஆறு மணிக்கு மேல் எடுப்பதில்லை. மழை வந்தாலும் எடுப்பதில்லை. இதை எனக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பிலிருந்து பஸ் ஸ்டாப் ஒன்றரை கிலோமீட்டர். நடைபாதை கிடையாது, நாய்கள் உண்டு. நிலம் மலிவாகக் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஊருக்கு வெளியே கட்டிவிட்டு, இவர்களுக்குக் கார் எதற்கு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? பக்கத்தில் மருந்துக் கடையும் பஸ்ஸும் இருக்கும் இடத்தில் வீடு கொடுத்திருந்தால் நானே காரை விற்றிருப்பேன். இடம் கேட்கும்போது இதையும் கேளுங்கள், குடியிருப்புக்கென்று ஒரு வேன் காலையும் மாலையும் டவுனுக்குப் போய் வந்தால் பல பேர் காரைத் தேடமாட்டார்கள்.

இங்கே நான் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். தம்பதியாகக் குடி வருகிறார்கள், காரும் வருகிறது. ஓட்டுவது அவர். அவர் போய்விட்டால் அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கார் ஆறு மாதம், ஒரு வருடம் கவரோடு நிற்கும். விற்கச் சொன்னால் "அவர் வாங்கினது" என்று ஒரே வார்த்தை. பிறகு ஒரு நாள் பேட்டரி செத்து, எலி ஒயரைக் கடித்து, மகன் வந்து யாருக்கோ தள்ளிவிடுவான். எங்கள் பிளாக்கில் மட்டும் இப்படி மூன்று பார்த்துவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், பாதி இடம் காலி என்று சொல்லி அந்தக் கார்களை எண்ணும்போது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார்.

உங்கள் அப்பாவிடம் இடத்தைக் கொடுங்கள் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர் ஓட்டுவதைத் தானாக நிறுத்தினார் என்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வயதில் தெரியாது. தன் பிள்ளையிடம்கூட அவர் அதைப்பற்றிப் பேசவில்லை பாருங்கள். லைசென்ஸைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அவரையும் கண் டாக்டரையும் முடிவு செய்ய விடுங்கள். நம் வயதுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் தருவார்கள், படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேண்டும். தயவுசெய்து ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜென்ட் பக்கம் போகவேண்டாம். உண்மையாகப் பரிசோதனை செய்து டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் அது அவருக்குத் தாங்கும், நீங்கள் சொன்னால் தாங்காது. முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், அந்தத் தேதியை மட்டும் மனதில் வையுங்கள்.

பதில் 3: செவிலி_துடியலூர்

நான் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். பதினொரு வருடமாக இப்படிக் குடியிருப்புகளுக்குத்தான் போகிறேன். யாரும் கேட்காத பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

போன வருடம் ஒரு இடத்தில் ராத்திரி இரண்டரைக்கு ஒரு தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். 108 கூப்பிட்டோம், சீக்கிரமே வந்தது. ஆனால் ஸ்டில்ட் உயரம் பத்தாமல் ஆம்புலன்ஸ் லிஃப்ட் பக்கம் வர முடியவில்லை. சுற்றி வரலாம் என்றால் வளைவில் இரண்டு கார் கோட்டைத் தாண்டி நின்றது. ஒன்றின் ஓனர் கோவையிலேயே இல்லை, சாவியும் இல்லை. கேட் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரை இன்டர்லாக் கல் மேல் தள்ளிக்கொண்டு போனோம். ஒவ்வொரு கல் இடுக்கிலும் சக்கரம் தடக் தடக் என்று குதிக்கிறது, ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நான் ஓடுகிறேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். இருந்தாலும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வாசலுக்கு நேராக ஆம்புலன்ஸ் வந்து நின்று, பின் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இறக்கி, திரும்பிப் போகவும் இடம் வேண்டும். அங்கே யாரும் எதையும் நிறுத்தக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. மேலே கூரை இருக்கட்டும், ஆனால் ஆம்புலன்ஸ் நுழையும் உயரத்தில் இருக்கட்டும். டாக்ஸி, ஆட்டோ வந்து ஆளை ஏற்றி இறக்க அதற்குப் பக்கத்திலேயே தனி இடம், உட்கார்ந்து காத்திருக்க ஒரு பெஞ்சு. வாக்கரோடு இருக்கும் அம்மா டாக்ஸி வரும்வரை நின்றுகொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

எங்கள் வண்டியை வெளியே ரோட்டில் நிறுத்தச் சொல்வார்கள். ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி முடிந்து வரும்போது அங்கே தெருவிளக்கு இருக்காது. ஒரு தடவை பெட்ரோல் டியூபை அறுத்துவிட்டார்கள். இப்படி இருந்தால் நல்ல ஆட்கள் அந்தக் குடியிருப்புக்கு வேலைக்கு வர யோசிப்பார்கள், இது உண்மை. ஒரு கார் இடத்தில் ஏழெட்டு டூவீலர் நிற்கும். நான்கு கார் இடத்தை எங்களுக்கு விட்டால் போதும்.

பதில் 4: பத்திரம்_படிப்பவன்

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன், மற்றவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டப்படி திறந்தவெளி பார்க்கிங் என்பது பொது இடம், யாருக்கும் தனியாக விற்கக் கூடியது இல்லை. மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் இருந்தால்தான் அதற்கு கராஜ் என்று பெயர். ஸ்டில்ட் இடத்தையும் ஃபிளாட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் ஸ்டில்ட் இடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள், தனியாகப் பணம் வாங்கியிருந்தால் ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

உங்களுக்கு முக்கியமானது ரெரா சட்டத்தின் பிரிவு 14. அனுமதி பெற்ற வரைபடத்திலோ பொது இடத்திலோ மாற்றம் செய்ய, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒருவர் பத்து வீடு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுத்தான், பில்டருக்கு அதில் ஓட்டுக் கிடையாது. உங்கள் இடத்தில் 72 பேரும் தனித்தனி ஆட்கள் என்றால் 48 கையெழுத்து வேண்டும். பார்க்கிங்கில் சாப்பாட்டுக் கூடம் கட்டுவது நிச்சயம் இதில் வரும். ஆகவே அசோசியேஷன் கொடுத்த அந்தப் படிவத்தை நன்றாகப் படியுங்கள். "இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதம்" என்ற வரியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது, எதற்காக என்று தெளிவாக எழுதாமல் கையெழுத்து வாங்கினால் அதையே நாளைக்குச் சம்மதக் கடிதமாகக் காட்ட வழி இருக்கிறது. உங்கள் அப்பா மடித்து வைத்தது நல்ல காரியம்.

வீட்டுக்கு வீடு ஒதுக்குவதைவிட, இடம் அசோசியேஷனிடம் இருக்கட்டும், வண்டி ஓட்டுகிறவருக்கு வருடா வருடம் கொடுக்கட்டும், ஓட்டுவதை நிறுத்தினால் அது பொதுவுக்குத் திரும்பட்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுவதுதான் என் யோசனை. கார் வைத்திருப்பவர் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும் இடம் இது.

ஆர்.சி. பற்றிக் கேட்டீர்கள். 15 வருடம் முடிந்தால் வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. தாமதமானால் மாதத்துக்கு அபராதம் சேரும்.

வடவள்ளி_மகன் (மறுபடியும்)

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் பொறியாளர் சார் சொன்னபடி எண்ணிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

செக்யூரிட்டி அண்ணன் நான்கு நாள் எண்ணினார், சனி ஞாயிறு நானே போயிருந்தேன். ராத்திரி நிற்கும் கார் 29. அதில் ஆறு மாதமாக வெளியே போகாதவை 8, அப்பாவுடையதும் சேர்த்து. காலை எட்டு மணிக்கு டூவீலர் மட்டும் 41, அதில் குடியிருப்பவர்களுடையது 12-தான். ஞாயிறு மதியம் 46 கார், இரண்டு இடம் மட்டும் காலி. இந்த நோட்டைப் பார்த்ததும் அசோசியேஷன் செயலாளரே அமைதியாகிவிட்டார். இதே கணக்கில் 60 வீட்டுக்குப் போட்டால் 20 என்பது ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதிதான் வரும். படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருகிற பொதுக்குழுவில் முதலில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், அகலமான ஆறு இடம், வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூரையும் விளக்கும் உள்ள டூவீலர் இடம் இவற்றை வரைந்து கேட்கப் போகிறோம். மீதி இடத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வது அதற்குப் பிறகு. வேன் விஷயத்தையும் சேர்த்திருக்கிறோம், அம்மாதான் அதை விடவே கூடாது என்கிறார்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சாயிபாபா காலனி அம்மா எழுதியதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த நர்ஸ் எழுதியதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மறுநாள் காலை நான் கீழே இறங்கியபோது லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர் இடம் காலியாக இருந்தது. காரைக் கடைசியில், வேப்ப மரத்துக்குக் கீழே திறந்த வெளியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். தானே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாராம், செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். லிஃப்டிலிருந்து அங்கே நூற்றிருபது அடி இருக்கும். நடந்து போய்த்தான் இப்போது கவரை எடுத்து மடிக்கிறார். வேப்பம்பூ கொட்டுகிறது என்று மட்டும் கொஞ்சம் குறை.

கண் டாக்டரிடம் அவரே நேரம் வாங்கியிருக்கிறார், அடுத்த வியாழன். பொதுக்குழு முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். பிரிவு 14 பற்றி எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி: இரண்டாம் கட்டத்தில் முன்பணம் மட்டும் கட்டியிருப்பவர்களும் அந்த மூன்றில் இரண்டு பங்கில் வருவார்களா?